வகுப்பறைக்கு ஒரு சிறிய படக்கருவி

ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று பள்ளி விடுமுறையிலிருந்தே எண்ணிக் கொண்டிருந்தேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பிற்கும் இல்லாவிட்டாலும், பள்ளிக்கு ஒன்றாவது, விலை குறைந்த சிறிய எண்ணிமப் படக்கருவி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது சிரித்தார்கள். "கையில்தான் கைப்பேசி இருக்கிறதே டீச்சர், இந்தக் காலத்தில் யார் கேமரா வாங்குகிறார்கள்?" என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானியப் படக்கருவித் துறைச் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட எண்ணிமப் படக்கருவிகள் 120 மில்லியனுக்கும் மேல். 2023இல் அந்த எண்ணிக்கை 8 மில்லியனைக்கூட எட்டவில்லை. சட்டைப் பையில் அடங்கும் சிறு கருவிகளைக் கைப்பேசி ஏறத்தாழ விழுங்கியே விட்டது.

ஆயினும் நான் ஒன்று வாங்கினேன். அதற்கு ஒரு பாட்டியே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதியில், பேரனைத் தனியாக வளர்க்கும் பாட்டி ஒருவர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பேரன் மேடையில கதை சொன்ன படம் ஒண்ணு கழுவிக் குடுங்களேன். வீட்டுல மாட்டி வைக்கணும்" என்று கேட்டார். அந்தப் படத்தை எடுத்தவளே நான்தான். ஆனால் அதற்கு இரண்டு வாரத்திற்கு முன்புதான் என் கைப்பேசி மழையில் நனைந்து உயிரை விட்டிருந்தது. பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு என நான்கு ஆண்டுப் படங்கள் அதோடு போயின. வேறு எங்கும் படியெடுத்து வைக்காதது முழுக்க என் தவறு. அவரிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகுதான் யோசித்தேன். நம் மாணவர்களின் பள்ளி வாழ்க்கை முழுவதும் யாரோ ஓர் ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் கிடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் படங்களும் போகின்றன. புலனக் குழுவில் போட்ட படமோ எங்கெங்கோ பயணம் செய்கிறது. தன் மகளின் படம் முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசியில் இருந்ததாக ஒரு தந்தை என்னிடம் வருந்தியதுண்டு. அவருக்கும் என்னால் சரியான விடை சொல்ல இயலவில்லை. பள்ளிக்கென்று ஒரு கருவியும் ஒரு நினைவக அட்டையும் இருந்தால், படம் யாரிடம் இருக்கிறது என்பதாவது தெரியும்.

நம் நாட்டில் தமிழ்க்கல்வியின் வரலாற்றை 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுகிறோம். 2016இல் இருநூறாண்டையும் கொண்டாடினோம். ஆனால் பள்ளி ஆண்டு இதழுக்குப் பழைய படம் தேடும்போதெல்லாம் எனக்குக் கிடைப்பது, நாற்காலியில் அமர்ந்த பெரியவர்களும் பின்னால் மங்கலாக நிற்கும் பிள்ளைகளும்தான். இங்கே ஒரு செய்தி. ஸ்காட்லாந்துப் படப்பிடிப்பாளர் ஜான் தாம்சன் 1862இல் பினாங்கில் பல மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். படிகள் எடுக்கவும் உதவி செய்யவும் மெட்ராஸ்காரர் இருவரைப் பழக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். இத்தீவில் அவ்வளவு முன்பே இக்கலை நம்மவர் கைபட்டு வளர்ந்திருக்கிறது. அந்தக் கைகளில் ஒரு கருவியை இன்று நம் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் என்ன?

கைப்பேசியைக் கொடுக்க முடியாது. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. அது நல்ல விதி என்றே நானும் கருதுகிறேன். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, பள்ளியின் உடைமையாக உள்ள படக்கருவியின் நிலை வேறு. அதில் விளையாட்டு இல்லை, இணையம் இல்லை, அழைப்பு வராது. படம் எடுப்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது.

சரி, எதை வாங்குவது? என் முதல் அளவுகோல், பிள்ளை கைதவறிப் போட்டால் அழ வேண்டாத விலை. நான் வைத்துக்கொண்ட வரம்பு 250 ரிங்கிட். ஆகவே சோனி ஆர்எக்ஸ்100 போன்ற பெரிய உணரி கொண்ட கருவிகள், எத்தனை அருமையானவை ஆயினும், பட்டியலில் இல்லை.

இணையக் கடைகளில் அதே விலைக்கு, பெயர் தெரியாத நிறுவனங்களின் புத்தம்புதிய கருவிகள் '48 மெகாபிக்சல்' என்ற விளம்பரத்தோடு கிடைக்கின்றன. பெற்றோர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அவற்றில் பலவற்றில் உள்ளே இருப்பது மிகச் சிறிய உணரி. எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார்கள். எட்டிப் பார்க்கும் 'சூம்' என்பதும் வில்லை நகர்வதால் வருவதன்று, படத்தின் நடுப்பகுதியை வெட்டிக் காட்டுவதே. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் 4ஆர் அளவில் நன்றாகக் கழுவ 1200க்கு 1800 புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். ஏ4 தாள் அளவிற்குக்கூட 4 அல்லது 5 போதும். இருபதாண்டுக்கு முந்திய நல்ல கருவியே இதைத் தந்துவிடும்.

ஆகவே என் தேர்வு, பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய கருவி. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இரண்டு ஞாயிறு காலைகள் அலைந்தேன். முதலில் கண்ணில் பட்ட ஒலிம்பஸ் கருவி அழகாக இருந்தது, விலையும் குறைவு. ஆனால் அது எக்ஸ்.டி. அட்டையைக் கேட்கும் கருவி. அந்த அட்டையை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழைய சோனி கருவிகளின் மெமரி ஸ்டிக்கிலும் இதே தொல்லை உண்டு. எஸ்.டி. அட்டை ஏற்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். அதிலும் 2006க்கு முந்தியவை பெரும்பாலும் 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையை ஏற்காது. கடைக்குப் போகும்போது ஓர் அட்டையைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே படமெடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து வில்லை. நம் பினாங்கின் ஈரக்காற்றுக்கு வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். கருவியை இயக்கி, வில்லை வெளியே வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ஏதேனும் தெரிந்தால் வாங்காதீர்கள். வில்லை வெளியே வரும்போது கரகரவென்று ஒலித்தாலும் வேண்டாம், உள்ளே மணல் புகுந்திருக்கலாம். மின்கலம் உப்பியிருக்கிறதா, அதே வகை மின்கலம் இன்றும் கடையில் கிடைக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இறுதியில் நான் 190 ரிங்கிட்டுக்கு வாங்கியது 2011இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ1200. 12 மெகாபிக்சல், வில்லை உண்மையாகவே நகரும் நான்கு மடங்கு சூம், கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துளை. எல்லாவற்றுக்கும் மேலாக, மளிகைக் கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ மின்கலங்களில் ஓடும். மறுமின்னேற்றம் செய்யும் வகையை இட்டால் செலவும் குறைவு. புதிதாகவே வேண்டும் என்போர், அதே ஏஏ மின்கலத்தில் இயங்கும் கோடாக் எப்இசட்45ஐப் பார்க்கலாம். விலை சற்றுக் கூடும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் என் கருவி தடுமாறுகிறது. பிளாஷ் வெளிச்சம் மூன்று நான்கு மீட்டரைத் தாண்டாது. பள்ளி மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுத்தால் முன் வரிசையினரின் பின்னந்தலைகள்தான் பளிச்சென்று விழும். மேடையருகே போய் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கிறேன். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். ஒருவருக்கு 24 படங்கள் மட்டுமே. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது 36 படச் சுருளை ஒரு பருவம் முழுவதும் வைத்திருப்போம். எண்ணிக்கை குறைந்தால் கண் கூர்மையாகும் என்பதை அப்போது கற்றேன். ஆளைப் படமெடுக்குமுன் "எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி, லெபோ பாசாரில் பூக்கட்டும் தன் தாத்தாவின் விரல்களை மட்டும் பதினொரு படங்கள் எடுத்து வந்தாள். முகம் ஒன்றில்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "தாத்தா பல் கட்டலை டீச்சர், முகம் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றாள். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதவே திணறுபவள், நார், சரம், ஆரம், கண்ணி என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பாடநூலில் இல்லாத சொற்கள் இரண்டை எனக்கே விளக்கிச் சொன்னாள்.

கருவி ஒருமுறை கீழே விழுந்தது. மின்கல மூடியின் கொக்கி உடைந்து, இப்போது ரப்பர் வளையம் பிடித்துக் கொண்டிருக்கிறது. விழுத்திய மாணவன் வெலவெலத்துப் போனான். அவனுக்கே மறுவாரமும் கொடுத்தேன்.

மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் படங்களைப் பள்ளிக் கணினியிலும் தனி வன்தட்டிலுமாக இரண்டு இடங்களில் படியெடுக்கிறேன்.

அந்தப் பாட்டியின் பேரன் இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறான். அவன் தங்கை எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். கடந்த மாதம் அவள் பாட்டுப் போட்டியில் நின்ற படத்தை 4ஆர் அளவில் கழுவி, பின்புறம் பெயரும் நாளும் எழுதி, உறையிலிட்டுப் பாட்டிக்குக் கொடுத்தனுப்பினேன்.