வெற்றிருக்கையும் முற்றிய பட்டறிவும்

ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் பத்தாண்டு, பதினைந்தாண்டு அமர்ந்து, சட்டங்களை வரைந்தும் திருத்தியும் சொற்போரிட்டும் பழகிய ஒருவர் இருக்கின்றார் என்க. நாட்டின் நடுவண் அவையில் அவர் பகுதிக்குரிய இருக்கையில் அமர்ந்திருந்தவர் விலகுகின்றார். இருக்கை வெறுமையாகின்றது. நண்பர்கள் வந்து "இனி நீங்கள்தாம்" என்கின்றனர். கட்சியினர் கணக்குப் போடுகின்றனர். அவரோ, போவதா இருப்பதா என்று தம் உள்ளத்துள் எடையிட்டுக் கொண்டிருக்கின்றார்.

அமெரிக்க நாட்டில் ஈராண்டுக்கொரு முறை பல மாநிலங்களிலும் காணும் காட்சி இது. இதனை ஒருவருடைய தன்னல ஏற்றம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், மக்களாட்சியின் உயிர்நிலையான கேள்வியொன்று இதனுள் அடங்கியுள்ளது. மாநில அவை என்பது மேலேறுவோர் மிதித்துச் செல்லும் படியா, அன்றி அரசியலைக் கற்றுத் தேறும் பள்ளியா என்பதே அது.

வெற்றிருக்கைக்கு ஏன் இத்துணை மதிப்பு? அமெரிக்கப் பேராயத்தின் கீழவையில் 435 உறுப்பினர் உளர். ஈராண்டுக்கொரு முறை அவர் அனைவரும் மக்கள்முன் வந்து நிற்றல் வேண்டும். எனினும், மீண்டும் நிற்பவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் பெரும்பாலான தேர்தல்களில் வென்றுவிடுகின்றனர். அவர்தம் பெயர் ஊரறிந்தது. பணம் அவரைத் தேடி வரும். கட்சியும் அவர் பக்கமே நிற்கும். இல்லினாய்சு மாநில மேலவையில் 1997 முதல் உறுப்பினராயிருந்த பராக் ஒபாமா, 2000-ஆம் ஆண்டில் பாபி இரசு என்னும் நடப்பு உறுப்பினரை எதிர்த்து நின்றார். கட்சி வேட்பாளரை மக்களே தெரிவு செய்யும் முன்தேர்தலிலேயே, இரண்டுக்கொன்று என்னும் அளவில் தோற்றார். 2004-இல் பேராய மேலவையில் அம்மாநிலத்தின் இருக்கையொன்று வெறுமையானபோது அவரே நின்று பெருவெற்றி பெற்றார். நடப்பு உறுப்பினரை வீழ்த்துதல் அரிது. வெற்றிருக்கையோ எப்பொழுதாவது ஒரு முறையே திறக்கும் கதவு.

அக்கதவின்முன் நிற்பவர் எதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு மேரிலாந்து மாநிலத்தின் வரலாறு நல்லதொரு படிப்பினையாகும். 2015 மார்ச்சில், அம்மாநிலத்தின் பேராய மேலவை உறுப்பினர் பார்பரா மிகுல்சுகி தாம் மீண்டும் நிற்பதில்லை என அறிவித்தார். அவ்விடத்தைப் பெறக் கீழவை உறுப்பினர் கிரிசு வான் ஆலன் முந்தவே, அவருடைய எட்டாம் தொகுதி வெறுமையாயிற்று. அதற்கு நிற்க முன்வந்தவருள் ஒருவர் சேமி இராசுக்கின். அரசியலமைப்புச் சட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பேராசிரியர். 2006-இல் நெடுங்கால உறுப்பினர் ஒருவரை வென்று மாநில மேலவைக்குள் நுழைந்தவர்.

அம்மேலவையில் 47 பேரே உறுப்பினர். ஆண்டின் தொடக்கத்தில் 90 நாள் மட்டுமே அன்னாபொலிசு நகரில் அவை கூடும். இவ்வளவு சிறிய அவையில், இவ்வளவு குறுகிய நாள்களில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. மக்கள் இடும் ஒப்போலைகளின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டே குடியரசுத் தலைவரைத் தெரிவு செய்தல் வேண்டும் என்னும் மாநிலங்களுக்கிடையிலான உடன்பாட்டை 2007-இல் முதன்முதலாகச் சட்டமாக்கிய மாநிலம் மேரிலாந்தே. அச்சட்ட வரைவை முன்மொழிந்தவர் இராசுக்கின். ஊதியத்தோடு பொதுநலனையும் குறிக்கோளாகக் கொள்ளும் குழும்புகளுக்கான சட்டத்தை 2010-இல் முதன்முதலாக இயற்றியதும் அம்மாநிலமே. சாவொறுப்பை 2013-இல் அது நீக்கியது. இப்பணிகளிலும் அவர்க்குப் பங்குண்டு. சிறிய அவை என்பது சிறுமையான அவை ஆகாது.

2016 ஏப்பிரலில் நடந்த மக்களாட்சிக் கட்சியின் முன்தேர்தலில் ஒன்பதின்மர் நின்றனர். அவருள் தேவிட்டு திரோன் என்பார், தேறல் விற்கும் பெருங்கடைகளின் உரிமையாளர். ஓர் அவையிலும் அமர்ந்தறியாதவர். தம் பணத்தில் 1 கோடியே 20 இலக்கம் தாலருக்கு மேல் அத்தேர்தலில் கொட்டினார். தொலைக்காட்சியில் மக்கள் நாடோறும் கண்டு பழகிய முன்னாள் செய்தியாளர் கேத்திலீன் மாத்தியூசும் நின்றார். முடிவில், நூற்றுக்கு ஏறத்தாழ 34 ஒப்போலைகள் இராசுக்கினுக்கும், 27 திரோனுக்கும், 24 மாத்தியூசுக்கும் விழுந்தன. நவம்பரில் இராசுக்கின் பேராயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதனைக் கொண்டு, பட்டறிவு பணத்தை வென்றது என்று கைகொட்டி எழுந்துவிட வேண்டா. இன்னும் இரண்டு உண்மைகள் உள.

முதலாவது, அத்தேர்தலிலேயே குமார் பார்வே என்பாரும் நின்றார். 1990-இல் மேரிலாந்தின் மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அமெரிக்க மாநில அவையொன்றில் முதன்முதல் இடம்பெற்ற இந்திய மரபினர். பெரும்பான்மைக் கட்சியின் அவைத்தலைவராகப் பல்லாண்டு இருந்தவர். ஆண்டுக் கணக்கில் இராசுக்கினைவிட மூத்தவர். ஆயினும் அவர்க்குக் கிடைத்த ஒப்போலைகள் மிகச் சில. எனவே, அமர்ந்திருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணி மக்கள் ஒருவரைத் தெரிவதில்லை. இன்னார் இன்னது செய்தார் என்று வீட்டு வாயிலில் நின்று சொல்லத்தக்க செயலும், அதனைச் சொல்ல முன்வரும் தொண்டர்களும் இருந்தாலன்றி அவையிற் கழித்த ஆண்டுகள் ஒப்போலைகளாக மாறுவதில்லை.

இரண்டாவது, 2018-இல் பக்கத்திலுள்ள ஆறாம் தொகுதி வெறுமையாயிற்று. அதே திரோன் மீண்டும் பெரும்பணத்தோடு வந்தார். அவரை எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர், ஐதராபாத்தில் பிறந்து, மாநிலக் கீழவைக்கு 2010-இலும் 2014-இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அருணா மில்லர். இம்முறை பணமே வென்றது. மேரிலாந்தில் மாநில அவைகளுக்கு நான்காண்டுக்கொரு முறையே தேர்தல். 2016-இல் மாநிலத் தேர்தல் இல்லாமையால், இராசுக்கினும் பார்வேயும் தோற்றாலும் பழைய இருக்கை அவர்க்கு இருந்தது. 2018-இலோ இரு தேர்தலும் ஒன்றாக வந்தன. அருணா மில்லர் தம் மாநில இருக்கையை விட்டுவிட்டே நின்றார்; இரண்டையும் இழந்தார். பின்னர் 2022-இல் அவர் மாநிலத் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது வேறு செய்தி. 2024-இல் திரோன் 6 கோடி தாலருக்கு மேல் செலவிட்டுப் பேராய மேலவைக்கு முயன்று முன்தேர்தலில் தோற்றதும் கருதத்தக்கது. பணம் வெல்வதும் உண்டு; வீழ்வதும் உண்டு. இருப்பதை இழக்கத் துணிந்து நிற்பவர்க்கும், இழப்பின்றி நிற்பவர்க்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நாம் மறந்துவிடலாகாது.

இனி, போகின்றவர் விட்டுச் செல்வது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும். தெக்சாசு மாநில மேலவையில் 1883-க்குப் பின் கருப்பினத்தவர் எவரும் இடம்பெறாதிருந்த நிலையை 1967-இல் மாற்றியவர் பார்பரா சோர்டன். 1972-இல், புதிதாக வகுக்கப்பட்ட தொகுதியிலிருந்து அவர் பேராயத்துக்குச் சென்றார். ஆனால், அவ்வெல்லை மாற்றத்தின்போது அவர்தம் பழைய மாநிலத் தொகுதி சிதைந்து போனது. அதனைக் காட்டித் தம் மக்களை அவர் கைவிட்டார் என்று அவரை எதிர்த்து நின்ற கர்ட்டிசு கிரேவ்சு குற்றஞ்சாட்டினார். அம்மேலவையில் அடுத்த கருப்பினத்தவர் இடம்பெற 1983 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் மேலே ஏறினார். அவர் ஏறிய இடத்தில் பத்தாண்டு வெறுமை நின்றது. இவ்விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அங்ஙனமாயின் சோர்டன் போகாதிருந்திருக்க வேண்டுமா? அப்படியும் சொல்லுதற்கில்லை. 1974 சூலையில், குடியரசுத் தலைவர் நிக்சன்மீது குற்றஞ்சாட்டுவதா என்று ஆராய்ந்த குழுவில் அமர்ந்து, அரசியலமைப்பின் பொருளை நாடறிய எடுத்துரைத்தவர் அவர். 2021 பிப்பிரவரியில், குடியரசுத் தலைவராயிருந்த திரம்பின்மீது கீழவை கொண்டுவந்த குற்றச்சாட்டைப் பேராய மேலவையில் தலைமையேற்று வழக்குரைத்தவர் இராசுக்கின். 57 பேர் குற்றமுண்டு என்றும் 43 பேர் இல்லையென்றும் கூற, மூன்றில் இரு பங்கு கிட்டாமையால் அவ்வழக்கு வெல்லவில்லை. வெல்லாவிடினும் வழக்கு வழக்கே. மாநில அவையில் கற்ற உறுதி, நாட்டிற்கு இடர் நேர்ந்த நாளில் அவ்விருவர்க்கும் துணைநின்றது.

ஆகவே, போவதா இருப்பதா என்று எண்ணுகின்ற பட்டறிவாளர் மூன்று கேள்விகளைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளக் கடவர். மாநிலத்தில் தாம் தொடங்கிய பணிகளுள் நடுவண் அவைக்குச் சென்றாலன்றி முற்றுப்பெறாதது எது? 2007-இல் மேரிலாந்து தொடங்கிய அவ்வுடன்பாடு நடைமுறைக்கு வர, 270 தேர்வாளர்க்குரிய மாநிலங்கள் சேர்தல் வேண்டும். அவ்வெண் இன்னும் எட்டப்படவில்லை. ஒரு மாநிலம் தனித்து முடிக்கவியலாத பணிகளும் உண்டென்பதற்கு அதுவே சான்று. அடுத்து, தாம் எழுந்து போகும் இருக்கையில் அமரத்தக்க ஒருவரைத் தாம் ஆளாக்கி வைத்துள்ளோமா? இறுதியாக, தோற்றுத் திரும்பினால் அம்மக்களிடையே முன்போலவே தொண்டாற்றும் உள்ளம் தமக்கு உண்டா?

இம்மூன்றிற்கும் நேர்மையான விடை உடையவர் துணிந்து நிற்கட்டும். இருக்கை வெறுமையாயிற்று என்பது ஒன்றே கரணியமாயின், இருக்குமிடத்திலேயே இருந்து பணியாற்றுவது அவர்க்கும் நல்லது, நாட்டிற்கும் நல்லது.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பணத்தால் விளம்பரத்தை வாங்கலாம். பத்தாண்டு உழைப்பை வாங்கவியலாது. ஆனால், அவ்வுழைப்பை மக்கள் மறந்துபோகும்படி செய்ய அப்பணத்தால் இயலும். மறவாதிருத்தலே மக்கள் கையிலுள்ள காவல்.