கைக்கு வேலை சரி, வாய்க்கு?

‘உங்க புள்ளைங்களுக்கு டிகிரி எதுக்கு? கைத்தொழில் கத்துக்கட்டும்.’ ஏற்காட்டில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சமுதாயக் கல்லூரியை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியபோது, படிப்பை விட்டவர்களுக்கும் கதவு திறந்தது. வயசு கேட்கவில்லை. வாழ்க்கைத் திறன், தொழில், வேலையிடத்திலேயே பயிற்சி. பத்தாவதில் தவறிக் காப்பித் தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு இது பெரிய விஷயம்தான்.

ஆனால் இதன் மூத்த வடிவம் எது? 1901இல் அமெரிக்காவின் ஜோலியட்டில் தொடங்கிய கல்லூரி. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தை உள்ளூரிலேயே படிக்க வைத்தது. பிறகு மூன்றாம் வருடம் பல்கலைக்கழகம் போகலாம். நம்ம ஊருக்கு வரும்போது தொழில் வந்தது. மேலே போகும் வழி பெரும்பாலும் வரவில்லை.

இதே மலையில் 1917 முதல் மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கிற புள்ளையிடம் ‘தையல் போதும்’ என்று யாராவது சொல்வார்களா? நம்மிடம் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

நான் தமிழ் எம்.ஏ. படிச்சவன். அது எனக்குச் சோறு போட்டதைவிட எதிர்த்துப் பேச வாய் கொடுத்ததுதான் அதிகம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் புள்ளைக்கு 2006 வன உரிமைச் சட்டத்தையும், தோட்டத்து லைன் வீட்டுத் தலித் புள்ளைக்குக் கூலிக் கணக்கையும் சொல்லித் தராத படிப்பு, முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும்; நம்மை ஆளாக்காது.

டிப்ளமோ கொடுங்கள். அதை வைத்து டிகிரியில் சேரலாம் என்பதையும் அந்தச் சான்றிதழிலேயே எழுதிக் கொடுங்கள். அதுவரை அதற்குக் கல்லூரி என்று பேர் வைக்காதீர்கள்.