பழைய காருக்குப் புதிய வண்ணம்

தந்தையார் காலத்தில் வாங்கி, திருமணங்களுக்கும் மருத்துவமனைக்கும் குடும்பத்தையே சுமந்து சென்ற அம்பாசடர் கார், கொட்டாரம் போன்ற நம் ஊர்களில் வீட்டையொட்டிய ஷெட்டில் இன்றும் ஆங்காங்கே நிற்பதைக் காண்கிறோம். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அதனை உருவாக்கிவந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பம்பாயில் பிறந்த பிரீமியர் பத்மினி அதற்குப் பல்லாண்டு முன்னரே ஓய்ந்துபோயிற்று. இனிப் புதிதாகக் கிடைக்காத பொருள் என்பதாலேயே, தூசி மூடி நிற்கும் அக்காரின்மேல் பிள்ளைகளுக்குப் புதுப் பாசம் பிறக்கிறது. பட்டறையில் கேட்கும் கூலி கைக்கு எட்டுவதாயில்லை. நாமே வண்ணம் பூசினால் என்ன என்ற எண்ணம் எழுகிறது.

நல்ல எண்ணமே. தந்தையும் மகனும் விடுமுறை நாள்களில் ஒன்றாகக் கைவேலை செய்வது, ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பதினும் மேல் அன்றோ? ஆயினும் இவ்வேலையில் இறங்குவோர் முதலில் கேட்பது, எந்த நிறம் என்பதையே. நிறம் கடைசியில் வருவது. வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு பிறக்கும். உப்பும் சேர்ந்தால் அது விரையும். குமரிமுனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே உள்ள கொட்டாரத்திலோ, கடற்காற்றே உப்பைச் சுமந்துவந்து தகட்டின்மேல் வைக்கிறது. துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே மேற்பூச்சு கொப்புளித்து எழுகிறது. அக்கொப்புளத்தின்மேலேயே பட்டி வைத்து வண்ணம் அடித்தால், அடுத்த மழைக்காலம் வரை கார் அழகாய்த்தான் இருக்கும். விற்றுவிட எண்ணுவோர் செய்யும் வேலை அது. வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு ஆகாது.

ஆகவே தரைத்தகடு, கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. அவை மண்ணடைத்துப் போய், கதவுக்குள் நீர் தேங்கியிருக்கும். தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல இடம் கணீரென்னும். உளுத்த இடம் மந்தமாய் ஒலிக்கும். ஓட்டை விழுந்த பகுதியைப் பட்டியால் மூடாமல், டிங்கரிங் செய்வோரிடம் கொண்டுசென்று புதுத் தகடு பற்றவைக்கச் செய்வதே முறை. மற்ற இடங்களைத் தகடு பளிச்சிடும்வரை சுரண்டி, கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுக. நம் ஊர்க் காற்றில் வெற்று இரும்பு ஓர் இரவு நின்றாலே, காலையில் செம்மை படர்ந்திருக்கும்.

தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு; அதன் தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலால் பழைய பூச்சை வாட்டர் பேப்பர் கொண்டு நீர் விட்டே தேய்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அந்நீரை ஓட விடலாகாது. பட்டியை மட்டும் உலர்வாகத் தேய்க்க வேண்டும்; அது நீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும்.

இனி வண்ணத்திற்கு வருவோம். தொடக்கக் காலக் கார்களுக்குத் தூரிகையால் எண்ணெய்ப் பூச்சைப் படிப்படியாகப் பூசி, ஒவ்வொன்றும் உலர நாள்கணக்கில் காத்திருந்தனர். ஒரு கார் முடியப் பல வாரங்கள் ஆயின. 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் பூச்சைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் முதலில் ஏறிய அது, வாரங்களை மணிகளாகச் சுருக்கிற்று. நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது. நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன இப்பூச்சு, தின்னர் ஆவியாகப் பறப்பதாலேயே உலர்கிறது. பறக்கும்போது தகட்டின் முகம் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பனித்துளிபோல் படிந்து, பூச்சு வெளுத்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்றவை. ஆனி, ஆடியில் வீசும் காற்று, ஈர வண்ணத்தின்மேல் வயல்வெளித் தூசி முழுவதையும் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று அடுப்பைத் தேடும். ஷெட்டை அடுத்துச் சமையலறை உள்ள வீடுகளில், வண்ணம் பூசும் நாளில் அடுப்பு எரியலாகாது. மின்விளக்குச் சுவிட்சின் சிறு பொறியும் போதும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. இன்று கடைக்காரர்கள் பளபளப்புக்காகப் பரிந்துரைப்பது, தனிக் குப்பியில் வரும் 'ஹார்டனர்' கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வண்ணம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் உள்ளது. 1984-இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இது அதுவன்று, ஆனால் நுரையீரலுக்கு இதுவும் பகையே. கண்ணுக்குத் தெரியாத அத்திவலை ஒருவருக்கு ஒவ்வாமையாக மாறிவிட்டால், அதன்பின் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். அது வாழ்நாள் முழுதும் தொடரலாம். கார் வண்ணம் அடிக்கும் தொழிலாளரிடையே ஆஸ்துமா பெருகியதற்கு இதுவே முக்கியக் காரணம் எனப் பல நாடுகளில் கண்டுள்ளனர். வாசனை தெரியவில்லையே என்று நம்புவதற்கில்லை. மூக்கு அறியும் முன்னரே கேடு விளையும். மூக்கில் கட்டிய கைத்துண்டு இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் தனி அறையும் உள்ள பட்டறைக்கே இது உரியது. வீட்டு ஷெட்டில் இதனை அடிக்கவே வேண்டாம் என்போம். பேரன் திண்ணையில் உறங்குகிறான் என்பதை நினைவிற் கொள்க.

வீட்டில் செய்வோர்க்கு எளிய வழி, சிந்தெடிக் எனாமல். தூரிகையாலோ சிறு உருளையாலோ மெல்லிய பூச்சாகப் பூசி, ஒருநாள் உலரவிட்டு, நுண்ணிய வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, மறுபூச்சு பூச வேண்டும். கதவுகளைத் திறந்து வைப்பதும், ஆவியை வடிக்கும் குப்பி பொருத்திய முகக்கவசம் அணிவதும் இதற்கும் தேவை. பட்டறை வண்ணத்தின் கண்ணாடிப் பளபளப்பு வராது. ஆனால் பொறுமையோடு செய்தால், சாலையில் எவரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வரும். கண்ணாடிகளை மூடி ஒட்டுவதற்குப் பழைய செய்தித்தாளைப் பயன்படுத்துவோர், தின்னர் பட்டால் அச்சு மையும் கரைந்து இறங்கும் என அறிக. நமது இதழின் பழைய பிரதிகளும் இதற்கு விலக்கல்ல!

நிறத்தைப் பற்றி இறுதியாக ஒன்று. காரின் நிறம் பதிவுச் சான்றில் எழுதப்பட்டுள்ளது. வெள்ளை என்றிருக்க, வீட்டு இளையோர் பச்சை கேட்டால், டப்பாவைத் திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெருமை வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி வகுத்துள்ளது. வாகனம் தன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவ்வாறு பதிவு செய்ய எண்ணுவோர், கதவின் உள்மடிப்பிலோ ரப்பரின் கீழோ ஒளிந்திருக்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டுமுன், அதில் ஒரு துண்டையேனும் எடுத்துப் பத்திரப்படுத்துக. வண்ணக்கடையில் அதைக் காட்டியே அதே நிறத்தைக் கலக்கச் சொல்லலாம்.