தோற்றாலும் எம் கொடி இதுவே!

தோற்றவனுக்குத் தோரணம் கட்டுவார் உண்டோ? வீழ்ந்தவனுக்கு விழா எடுப்பார் உண்டோ? உண்டு! கொல்லிமலையிலே உண்டு!

போரிலே வென்றவன் மலையமான் திருமுடிக்காரி. வீழ்ந்தவன் வல்வில் ஓரி. ஓரியைக் கொன்று, அவன் ஆண்ட கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் காரி என்று சங்கப் பாடல்கள் சாற்றுகின்றன. கணக்குப் பார்க்கிறவன் என்ன சொல்வான்? "ஆட்டம் முடிந்தது, ஓரி தோற்றான், ஏட்டை மூடு" என்பான். மலை ஏட்டை மூடவில்லை! எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்று பாருங்கள். செம்மேட்டிலே நிமிர்ந்து நிற்பது வென்றவன் சிலை அல்ல, வீழ்ந்த ஓரியின் சிலை! ஆடி மாதம் பிறந்தால் அரசே முன்னின்று எடுக்கிற விழா ஓரியின் பெயரால் நடக்கிறது. அந்த விழாவிலே வில்லெடுத்துப் போட்டியிடுகிறார்கள் இளைஞர்கள். களத்திலே முடிவு ஒன்று. மக்கள் மனத்திலே முடிவு வேறொன்று!

இந்த மலைப் பண்பை மனத்திலே நிறுத்திக்கொண்டு, வங்கத்துக் கால்பந்துக் கழகம் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறோம். ஈஸ்ட் பெங்கால் அதன் பெயர். தோல்விமேல் தோல்வி கண்ட கழகம். ஆனாலும் அதன் கொடியைக் கீழே போட மறுத்தவர்கள் இலட்சக்கணக்கிலே இருக்கிறார்கள்.

"கொல்கத்தாவிலே எவனோ பந்து உதைக்கிறான், நாமக்கல்லிலே இருக்கிற உமக்கு என்ன அக்கறை?" என்று கேட்பார் கேட்கட்டும். அக்கறைக்குக் காரணம் இரண்டு உண்டு. இரண்டிலும் தமிழன் இருக்கிறான்! 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக் பட்டத்தைக் கோவையிலே ஆடிய சென்னை சிட்டி கழகம் வென்றதே, அன்று ஒரே ஒரு புள்ளி குறைந்து இரண்டாவதாக நின்ற கழகம் எது? ஈஸ்ட் பெங்கால்! அதே ஈஸ்ட் பெங்கால், தன் பரம எதிரியான மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றுத் தலை கவிழ்ந்திருந்தபோது, 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்டு கோப்பை ஆட்டத்திலே ஒரே கோல் போட்டு அந்த வரிசையை உடைத்தவர் யார்? சென்னை தந்த நந்தகுமார் சேகர்! அந்த ஒரு கோலுக்காகக் கொல்கத்தாவிலே கண்ணீர் விட்டவர்களுக்கு அவர் எந்த மொழிக்காரர் என்ற கேள்வியே எழவில்லை. அவர் மேலே இருந்த சிவப்பும் மஞ்சளும் போதுமானதாக இருந்தது.

அந்த நிறத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு? பிறந்த கதையைக் கேளுங்கள், புரியும். 1920ஆம் ஆண்டு ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை வெளியே நிறுத்திவிட்டார்கள். கிழக்கு வங்கத்தார் என்பதால்தான் இந்தப் புறக்கணிப்பு என்று கொதித்தெழுந்தார் அந்தக் கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி. பதவியை உதறினார். நண்பர்களைத் திரட்டினார். ஆகஸ்டு முதல் நாள் புதிய கழகம் கண்டார். ஆக, கோப்பை வேண்டும் என்று பிறந்த கழகம் அல்ல அது. "எம்மை ஒதுக்காதே!" என்ற தன்மானக் குரலிலே பிறந்த கழகம்!

1947 வந்தது. நாடு பிளந்தது. வீட்டை விட்டு, வயலை விட்டு, ஆற்றை விட்டு, ஊரை விட்டு, கையிலே மூட்டையும் கண்ணிலே நீருமாகக் கிழக்கு வங்கத்து மக்கள் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தனர். ரயில் நிலையத்து மேடையே வீடாகிப் போனவர்கள் எத்தனை பேர்! குடிசைக் காலனியிலே குடும்பம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! ஊர் போனது, ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் இருந்தது. அது வென்றால் தாமே வென்றதாக நினைத்தார்கள். இல்லாதவனுக்கு இருந்த ஒரே முகவரி அது! வென்ற நாளிலே இலிசா மீன் வாங்கிச் சமைப்பது அவர்கள் வழக்கம். மோகன் பகான் வென்றால் அந்தப் பக்கத்து வீடுகளிலே இறால் மணக்கும். பகையைக்கூடச் சட்டியிலே சமைத்த ஊர் அது!

அப்படிப்பட்ட கழகத்துக்குச் சோதனைக் காலம் வந்தது. 2003ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலே ஆசியான் கோப்பையை வென்றதும், 2003-04இலே தேசிய லீகை வென்றதும் பழங்கதையாகிப் போயின. 2020இலே இந்தியன் சூப்பர் லீகிலே நுழைந்தது. முதல் ஆண்டு 11 கழகங்களிலே ஒன்பதாம் இடம். மறு ஆண்டு 20 ஆட்டங்களிலே ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம்! அதன் பிறகு 2022-23, 2023-24, 2024-25 என்று மூன்று ஆண்டும் ஒன்பதாம் இடம். 2024-25 தொடரைத் தொடங்கியதே ஆறு தோல்விகளோடு! இடையிலே 2024 ஜனவரியிலே புவனேசுவரத்தில் ஒடிசா கழகத்தை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையைத் தூக்கியபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அகில இந்தியக் கோப்பை ஒன்று கைக்கு வந்தது. அந்த இறுதி ஆட்டத்திலும் நந்தகுமார் ஒரு கோல் போட்டார் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம்.

இத்தனை ஆண்டுத் தோல்வியிலும் கொடி இறங்கவில்லை. ஆனால் கொடி பிடித்தவர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள்! நாம் இன்று எழுதப் புகுந்ததே அந்தச் சோகத்தைப் பற்றித்தான்.

2021ஆம் ஆண்டு. பணம் போட வந்த ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் இறுதி ஒப்பந்தத்திலே கையெழுத்துக் கேட்டது. கழகத்தின் நிர்வாகிகள், உறுப்பினர் உரிமை பறிபோகும் என்று சொல்லி மறுத்தனர். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். "கையெழுத்துப் போடு, அணி களமிறங்க வேண்டும்" என்றது ஒரு பக்கம். "போடாதே, கழகத்தை விற்காதே" என்றது மறுபக்கம். ஜூலை 21 அன்று கழகக் கூடாரத்தின் முன்னே இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. தள்ளுமுள்ளு! கைகலப்பு! போலீஸ் தடியடி! அடித்தவன் மேலும் சிவப்பு மஞ்சள். அடிபட்டவன் மேலும் சிவப்பு மஞ்சள்! ஒருவன் மற்றவனைத் துரோகி என்றான். மற்றவன் இவனைக் கூலி என்றான்.

யார் உண்மை விசுவாசி? இரு தரப்பாரும்தான் என்போம் நாம்! ஒருவன், அணி ஆட வேண்டுமே என்று துடித்தான். இன்னொருவன், அணி தம்முடையதாக இருக்க வேண்டுமே என்று துடித்தான். இருவருக்கும் வலி ஒன்றே. ஆனால் ஒன்றை இருவரும் மறந்தார்கள். கையெழுத்துப் போடுகிற பேனா இந்த இருவரில் எவன் கையிலும் இல்லை! பேனா வைத்திருந்தவர்கள் உள்ளே நாற்காலியிலே. தடியடி வாங்கியவர்கள் வெளியே தெருவிலே! பிறகு மாநில முதல்வர் தலையிட்டார், நிறுவனம் அந்த ஓராண்டு நீடித்தது, அவசர அவசரமாகத் திரட்டிய அணி கடைசி இடத்திலே முடித்தது. மறு ஆண்டு அந்த நிறுவனம் போனது, இமாமி நிறுவனம் வந்தது. முதலாளி வருவார், போவார். நிர்வாகி வருவார், போவார். போகாமல் நின்றவன் ரசிகன் ஒருவனே!

ஆகவேதான் அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறோம்: பற்று வேறு, பணிவிடை வேறு! விசுவாசம் வேறு, அடிமைத்தனம் வேறு! கொடியிடம் பற்று வைத்தவன், கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவனிடமும் கைகட்டி நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? அணி தோற்கும்போது "ஏன் தோற்றாய்?" என்று கேட்பவன் எதிரி அல்ல. மகன் தேர்விலே தவறினால் ஏன் என்று கேட்காத தகப்பன் உண்டா? கேட்கிறான் என்பதற்காக மகனை வெறுக்கிறான் என்று சொல்வார் உண்டா? வென்றபோது மட்டும் வந்து கொட்டடிப்பவனும், தோற்றபோது கேள்வி கேட்கிறவனை வாயை மூடு என்பவனும், இருவருமே கழகத்துக்குப் பயன்படாதவர்கள்!

சரி, உள்பகை இது. வெளிப்பகை எத்தகையதாக இருக்க வேண்டும்? அதற்கும் கொல்கத்தாவே பாடம் சொல்கிறது. இரண்டு ஆகஸ்டு மாதங்கள் அந்தப் பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

1980 ஆகஸ்டு 16. ஈடன் தோட்ட மைதானம். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டம். களத்திலே தொடங்கிய சண்டை மாடத்திலே தீயாகப் பரவியது. நெரிசலிலும் கலவரத்திலும் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போனவர்கள்! காலையிலே வீட்டிலே சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள்! எந்தக் கோப்பை அந்தப் பதினாறு உயிருக்கு ஈடு? எந்தக் கோல் அந்தத் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்கும்?

2024 ஆகஸ்டு 18. அதே இரு கழகங்கள் டூரண்டு கோப்பையிலே மோத வேண்டிய நாள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையிலே பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொடுமையால் நகரமே கொந்தளித்துக் கிடந்த நேரம். பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்றதும் ரசிகர்கள் வீட்டுக்குள் அடங்கினார்களா? இல்லை! சால்ட் லேக் மைதானத்தின் வெளியே திரண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் கொடியும் மோகன் பகான் கொடியும் முகமதன் ஸ்போர்ட்டிங் கொடியும் அருகருகே பறந்தன! ஒருவன் தோளிலே மற்றவன் ஏறி நின்று, நீதி வேண்டும் என்று முழங்கினான். தடியடி அன்றும் விழுந்தது. ஆனால் 2021இலே அடி வாங்கியவன் அண்ணன் தம்பிச் சண்டையிலே வாங்கினான்; 2024இலே வாங்கியவன் எவரோ பெற்ற மகளுக்காக வாங்கினான். எதிரி அணிக்காரன் பகைவன் அல்ல, எதிர்ப்புறம் நிற்கும் உறவினன் என்பதை அந்த ஒரு மாலைப் பொழுது உலகுக்குச் சொல்லிற்று!

இத்தகைய மக்களுக்குக் கால்பந்தை நடத்துவோர் தருவது என்ன? சீட்டு வாங்கச் சொல்கிறார்கள், சட்டை வாங்கச் சொல்கிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள். கருத்துக் கேட்கிறார்களா?

நம் வீட்டுக் கதையையே பாருங்கள். ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியிலே முந்திய சென்னை சிட்டி எங்கே? 2019 மார்ச்சிலே கோவை கொண்டாடிய வாகையர், 2020-21க்குப் பிறகு ஐ-லீகிலே ஆடவில்லை. வென்றவன் மறைந்தான், தோற்றவன் நிற்கிறான்! மாயமா இது? இல்லை. அங்கே ஒரு நூற்றாண்டுப் பற்று வேராக இருந்தது. இங்கே வேர் பிடிக்கும் முன்பே மரம் சாய்ந்தது. கோவையிலே தொண்டை கிழியக் கத்திய இளைஞனிடம், "தம்பி, கழகம் களத்தை விட்டுப் போகிறது, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. ஜெர்மனியிலே, ஒன்றிரண்டு விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையிலே பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருந்தாக வேண்டும் என்பது லீகின் சட்டம். இங்கிலாந்திலே 2002இலே விம்பிள்டன் கழகத்தை முதலாளிகள் வேறு நகரத்துக்குத் தூக்கிச் செல்ல அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார்களா? தாமே புதிய கழகம் கண்டு, கீழ்த்தட்டு லீகிலே தொடங்கி, படிப்படியாக ஏறி 2011இலே கால்பந்து லீகுக்கே வந்து சேர்ந்தார்கள்! இந்தியாவிலே எடுத்துக்காட்டு இல்லையா? உண்டு. 2020இலே மோகன் பகான் பெயரின் முன்னே வேறொரு கழகத்தின் மூன்று எழுத்துகளை ஒட்டினார்கள். அணி வென்றுகொண்டே இருந்தது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. "எம் பெயரிலே ஒட்டு வேண்டாம்" என்று மூன்றாண்டு முழங்கினார்கள். 2023இலே அந்த எழுத்துகள் நீக்கப்பட்டன. வெற்றி வாயை அடைக்கவில்லை அவர்களுக்கு. தோல்வி வாயை அடைக்கவில்லை இவர்களுக்கு!

ஆகவே நமது கோரிக்கை எளியது. ஒவ்வொரு கழகத்தின் ஆட்சிக் குழுவிலும் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அமர வேண்டும். பெயரை, நிறத்தை, ஊரை, மைதானத்தை மாற்றுவதானால் ரசிகர் வாக்குப் பெற்றாக வேண்டும். கழகத்தை மூடுவதானால் அதற்கு முன்னே கணக்கை மக்கள் முன் வைத்தாக வேண்டும். சலுகை அல்ல நாம் கேட்பது. தோல்வியிலும் சீட்டு வாங்கியவனுக்குச் சேர வேண்டிய பாக்கி!

ரசிகர்களுக்கும் ஒரு சொல். உன் அணி தோற்கட்டும், துவளாதே. பக்கத்து மாடத்துக்காரன் கூச்சலிடட்டும், கை ஓங்காதே. உன் நிறத்தையே அணிந்த தோழன் வேறு கருத்துச் சொல்லட்டும், துரோகி என்று தூற்றாதே. தெருவிலே நீங்கள் இருவரும் மோதிக்கொண்டிருக்கும் வரை, உள்ளே பேனா பிடித்திருப்பவருக்குக் கவலை ஏது? கேட்க வேண்டிய கேள்வியை இருவரும் சேர்ந்து, கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். பதில் வந்தே தீரும்!