மாதர் சங்கத் தீர்மானம்

ஒரு கவிதையைத் தீர்த்துக்கட்ட நம் வட்டத்தில் ஒரு வாக்கியம் புழங்குகிறது: 'மாதர் சங்கத் தீர்மானம் மாதிரி இருக்கிறது.' பெண் எழுதியதென்றால் மட்டுமே இது வெளியே வரும். அண்மையில் ஒரு கூட்டத்திலும் வந்தது, சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு தீர்மானத்தைப் படித்திருப்பார்கள்? கூடவே வழக்கமான சரித்திரமும் வந்தது. மேல்நாட்டுப் பெண்கள் சிறை போய் வாங்கிய ஓட்டு இங்கே இனாமாகக் கிடைத்தது. ஆகவே போராட்டம் இல்லை, ஆகவே அனுபவம் இல்லை, ஆகவே கவிதை இல்லை. மூன்று 'ஆகவே'க்களும் தப்பு.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கிற்று. அதை நிறுவியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், ஓட்டுரிமைக்காகச் சிறை போன அயர்லாந்துக்காரர். சிறை போனவரே இங்கு வந்து உட்கார்ந்து மனு எழுதினார் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அதே டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு உள்ள நிபந்தனைகளின்பேரிலேயே பெண்களுக்கும் வாக்கு கேட்டது. 1919இல் சவுத்பரோ கமிட்டி மறுத்தது. லண்டன் பார்லிமெண்ட் பொறுப்பை மாகாணச் சட்டசபைகளின் தலையில் கட்டியது. மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை 1921இல் தந்தது. இதை இனாம் என்பவர்கள் தம் வாழ்நாளில் மனு எழுதிக் காத்திருந்தவர்கள் அல்லர்.

தந்தது யாருக்கு என்பது வேறு விவகாரம். சொத்துள்ளவர்களுக்கு, வரி கட்டுகிறவர்களுக்கு. நான் வசிக்கும் இந்த நெமிலிச்சேரியில் அன்று கூலிக்கு நாற்று நட்டவளுக்கு அடையாறின் வெற்றியால் ஒன்றும் ஆகவில்லை. (அவள் புருஷனுக்கும் வாக்கு கிடையாது, அது நம் சரித்திரக்காரர்களுக்கு நினைவிருக்கிறது.) சொத்திருந்தால் ஓட்டு, பெண்ணுக்கோ சொத்தில் பங்கில்லை. இது ஸ்தாபனங்களுக்குத் தெரியாமலில்லை. 1931இல் மூன்று மாதர் ஸ்தாபனங்கள் சேர்ந்து வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு கேட்டன, ஒதுக்கீடுகூட வேண்டாமென்றன. பதிலுக்கு 1935 சட்டம் கொடுத்தவற்றில் ஒன்று, சொத்துள்ளவனுக்கு மனைவியாக இருப்பதையே வாக்குத் தகுதியாக்கியது. மனைவி என்ற பேரில் வாக்கு வேண்டாமென்று அவர்கள் வாதாடியது யார் காதிலும் ஏறவில்லை.

சொத்தையும் ஒரு தீர்மானம்தான் கேட்டது. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று நிறைவேற்றியது. அது மாதர் சங்கமல்ல, ஆனாலும் அதே வறண்ட வாக்கியம். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அறுபது வருஷம் உயிரோடு கிடந்த வாக்கியங்கள் நம் தொகுப்புகளில் எத்தனை?

எல்லோருக்கும் வாக்கு என்று அரசியல் சட்டம் சொன்ன பிறகும், 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலின் பட்டியலிலிருந்து சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று பதிந்துகொண்டு சொந்தப் பேரைச் சொல்ல மறுத்ததுதான் காரணம். பெரும்பாலும் வடக்கே. தெற்கென்று நிமிர வேண்டாம். எங்கள் தெருப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆணுக்குத் தந்தை பேர், மணமானவளுக்குக் கணவன் பேர். எந்த ஆணுக்குக் கீழும் மனைவி பேர் இல்லை.

'இச்சபை கோருகிறது.' பெயரடை கிடையாது, உவமை கிடையாது, எழுவாய் எது என்பதில் மயக்கம் கிடையாது. அலங்காரத்தை உதறிய மொழி வேண்டுமென்று புதுக்கவிதைக்காக மல்லுக்கட்டியவர்கள்தான் இதை வறட்சி என்கிறார்கள். பெண்ணின் வாக்கியத்தில் எழுவாய் தெளிவாக இருந்தால் அது பிரசாரம் ஆகிவிடுகிறது போலும்.

கூட்டத்தில் சிரிக்கப்பட்ட கவிதை எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை. முதல் நான்கு வரி தீர்மானம் மாதிரியே நிற்கிறது. ஐந்தாவது வரியில் நிலா வருகிறது, பிறகு நதி, பிறகு கூண்டுக்கிளி. அதை யாரும் சொல்லவில்லை.