முதலில் மண்வெட்டி, பிறகு சஸ்பென்ஷன்

சைக்கிள் பிரேக்கிலிருந்து புகை வருமா? கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் வந்தது. 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண்சாலை வழியே போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அடிவாரம் வருவதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூடேறிப் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால்தான் அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர்.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் இந்த ஓட்டத்துக்கென்றே ஒரு சைக்கிளைச் செய்தார். இரண்டு ஆண்டுகளில் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் இவ்வகைச் சைக்கிள்களை விற்க ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் பதக்கப் போட்டியானது.

ஆனால் தாய்வீட்டிலேயே வாசல் அடைபட்டது. மரினில் பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் பல ஆண்டுகள் சைக்கிளுக்கு மூடியே கிடந்தன. அகலமான மண்சாலைகளில் ஓட்டலாம்; மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. எதிரே வருவது தெரியாத வளைவுகளில் 8 கிலோமீட்டர்தான்.

சைக்கிள் மண்ணை அரிக்கும், நடப்பவரை மிரட்டும் என்பதுதான் குற்றச்சாட்டு. இது முழுக்க நியாயமா? இல்லை. 1994இல் மான்டானா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், சைக்கிள் சக்கரத்தைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும்தான் பாதையின் மண்ணை அதிகம் பெயர்த்தன. மண்ணரிப்புப் பழியை ஓட்டிகள்மீது மட்டும் போடுவது தவறு. ஆனால் நடப்பவரின் கோபம் வேறு. சத்தமே இல்லாமல் வளைவில் திடீரென்று பாய்ந்து வரும் சைக்கிளைக் கண்டு பதறிப்போனவரிடம் ஆய்வுக் கட்டுரையை நீட்டி என்ன பயன்?

இதைப் புரிந்துகொண்ட ஐந்து கலிபோர்னியச் சைக்கிள் குழுக்கள் 1988இல் 'இம்பா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடு, மூடிய பாதையில் நுழையாதே, சேற்றில் ஓட்டிப் பள்ளம் பறிக்காதே என்பவை அது பரப்பிய விதிகளில் சில. பாதை வெட்டவும் கற்றுக்கொடுத்தது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டினால், மழைநீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் அதன் வழியே வாய்க்காலாக ஓடி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். நல்ல பாதை என்பது தண்ணீரை எங்கே தள்ளிவிடுவது என்ற கணக்குதான்.

இன்றைய சைக்கிள் குழுக்களின் பேச்சில் இந்தக் கணக்கு அதிகம் அடிபடுவதில்லை. சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா, முன் ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும், ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் பட்டன் உண்டா என்று மணிக்கணக்கில் விவாதம். குறை சொல்லவில்லை, டிஸ்க் பிரேக்கும் டியூப் இல்லாத டயரும் உண்மையிலேயே பயனுள்ள சமாச்சாரங்கள். ஆனால் அரை நாள் மலைப் பயணத்துக்குக் கட்டாயம் வேண்டியவை கொஞ்சம்தான்: தலைக்கவசம், கையுறை, தண்ணீர், உதிரி டியூப், பம்ப், செயின் அறுந்தால் மாட்ட ஓர் இணைப்பு, சின்ன முதலுதவிப் பை. ஹேண்டில்பாரில் ஒரு மணியும் இருக்கட்டும். மலிவான பொருள் அது. நடப்பவரின் பாதிக் கோபத்தைத் தணிப்பதும் அதுதான்.

மழை ஓய்ந்த மறுநாள், பத்துப் பேர் தயாராக வந்து நின்றாலும், பயணத்தை ரத்து செய்யும் துணிச்சல் குழுத் தலைவருக்கு வேண்டும். ஆண்டுச் சந்தாவில் ஒரு பகுதியை மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் ஒதுக்குங்கள். பாதை சீரமைக்கும் நாளையும் பயணப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு வராதவருக்கு அடுத்த பயணத்தில் இடம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.