உண்ணியும் உதிரமும்

மாட்டின் மடியிலே ஒட்டியிருந்தாலும் உண்ணி பாலை நாடாது, உதிரத்தையே நாடும் என்று குணங்கெட்டவர்களுக்கு உவமை கூறுவர் நம் பெரியோர். உதிரத்தைக் குடிப்பதோடு அது அமைந்துவிடுமாயின் பெருங்கேடு ஒன்றுமில்லை. குடித்த இடத்திலே அது எதனை விட்டுச் செல்கின்றது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் வீட்டார், மலைநாட்டிலிருந்து நல்லினப் பசு ஒன்றை வாங்கிவந்தனர். தாயார் தம் காப்புக்களை அடகு வைத்து வாங்கிய பசு அது. கொட்டிலிலே முன்னரே இரண்டு ஊர்ப்பசுக்கள் நின்றன. ஒரு திங்கள் செல்லுமுன் புதுப்பசு தீனை வெறுத்தது, உடல் கொதித்தது, சிறுநீர் கோப்பி நிறமாயிற்று. "ஐயா, எங்கள் மாட்டுக்கு என்ன வருத்தம்?" என்று அவன் என்னிடம் கேட்டான். "மலைநாட்டு மாடல்லவா? நமது வெயில் ஒத்துக்கொள்ளவில்லைப் போலும். நிழலிற் கட்டுங்கள்" என்று, விஞ்ஞானம் கற்பிக்கும் நானே கூறி அனுப்பினேன். அயலவர் கண்ணூறு என்றனர். மூன்றாம் நாள் மிருக வைத்தியர் வந்து காதுநுனியிற் குருதி எடுத்துச் சோதித்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். மருந்து ஏற்றியும் பசு பிழைக்கவில்லை. மறுநாள் அப்பையன் கேட்டான்: "ஐயா, பக்கத்தில் நின்ற ஊர்மாடுகளுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?"

இதே வினாவை அமெரிக்க நாட்டு உழவரும் ஒரு காலத்திற் கேட்டனர். 1860ஆம் ஆண்டுகளில் டெக்ஸாஸ் மாநிலத்து மாடுகள் பெரும் பட்டிகளாக வடக்கே விற்பனைக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அம்மாடுகளுக்கு நோயின் அடையாளம் எதுவுமில்லை. ஆயின் அவை மேய்ந்து சென்ற வழியில், ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தபின், வடநாட்டு மாடுகள் செந்நிற நீர் கழித்து ஆயிரக்கணக்கில் மடிந்தன. வடக்கத்திய உழவர் துப்பாக்கி ஏந்தித் தென்னாட்டுப் பட்டிகளை மறித்து நின்றதும் உண்டு. மூச்சினால் வருகிறது, எச்சிலால் வருகிறது, சாணத்தால் வருகிறது என்று பலரும் பலவாறு கூறினர். மாடு மேய்ப்போர் சிலர் மட்டும், "இது உண்ணியால் வருவது" என்றனர். கற்றோர் நகைத்தனர்.

நகையாது கேட்டவர் தியோபால்ட் சிமித் என்னும் அறிஞர். அவரும் கில்போர்ன் என்னும் மிருக வைத்தியரும் 1889ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரையடுத்த ஆய்வுப் பண்ணையில் வயல்களை வேலியிட்டுப் பிரித்தனர். ஒன்றில் உண்ணி மொய்த்த தென்னாட்டு மாடுகளையும் வடநாட்டு மாடுகளையும் ஒருங்கே விட்டனர். வேறொன்றில், தென்னாட்டு மாடுகளின் உண்ணிகளைக் கையாற் பொறுக்கி நீக்கியபின் வடநாட்டு மாடுகளோடு சேர்த்தனர். மற்றொன்றில் தென்னாட்டு மாடே இல்லை. புல்லின்மேல் உண்ணிகளை மாத்திரம் தூவி, வடநாட்டு மாடுகளை மேயவிட்டனர். உண்ணி இருந்த வயல்களிலே நோய் தோன்றிற்று. உண்ணி நீக்கிய வயலிலோ, இருவகை மாடுகளும் அருகருகே மேய்ந்தும் நோய் தோன்றவில்லை. மேய்ப்பர் சொல்லே மெய்யாயிற்று.

நோயுற்ற மாட்டின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கிய சிமித், செங்குழியங்களினுள்ளே நீர்த்துளி வடிவில் இரண்டிரண்டாய் இணைந்து கிடந்த நுண்ணுயிர்களைக் கண்டார். 1888இல் ருமேனியா நாட்டிலே விக்டர் பாபேஷ் என்பார் மாட்டுக் குருதியில் இத்தகைய உயிர்களைக் கண்டிருந்தார். அவர் பெயரால் இவற்றை இன்று பபேசியா என வழங்குவர். இவை செங்குழியத்தினுட் புகுந்து பெருகி, அதனை உடைத்து வெளியேறி, அடுத்ததிற் புகும். உடைந்த குழியங்களின் செந்நிறப் பொருளே சிறுநீரிற் கலந்து வருகிறது. குருதி வற்ற, மாடு சோர்ந்து வீழ்கிறது.

இனி, நோய் தோன்ற ஒரு மாதத்துக்கு மேற் சென்றது ஏன்? இவ்வகை மாட்டுண்ணி ஒரே மாட்டில் ஏறி, அதிலேயே தோலுரித்து வளர்ந்து, ஏறக்குறைய மூன்று வாரத்தின்பின் நிலத்தில் விழும். அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துபோம். தாய்வயிற்றிலிருந்த ஒட்டுயிர் முட்டைக்குட் புகுந்து குஞ்சுக்கும் செல்கின்றது. அக்குஞ்சுகள் புல்லின்மீது காத்திருந்து வேறு மாட்டில் ஏறும்போது நோயும் ஏறுகிறது. நோயைக் கொணர்வது தாயன்று, பிள்ளை! முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகளை மாட்டில் விட்டு சிமித் இதனையும் மெய்ப்பித்தார். அவரது நூல் 1893இல் வெளியாயிற்று. நுளம்பு மலேரியாவைக் காவும் உண்மையை ரொனால்ட் ராஸ் கண்டறிய வழி திறந்தது 1897இலேயே என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

பையனின் வினாவுக்கு வருவோம். உண்ணி மலிந்த இடத்துக் கன்றுகளை இந்நோய் இளமையிலேயே தொடுகிறது. கன்றுப் பருவத்தில் அது கடுமையாய்த் தாக்குவதில்லை. தப்பிய கன்று எதிர்ப்பு ஆற்றலோடு வளரும். ஒட்டுயிரும் அதன் குருதியிற் சிறிதளவாய் நெடுங்காலம் தங்கியிருக்கும். ஆகவே ஊர்ப்பசு நலமாய் நின்றுகொண்டே நோயை வழங்கவல்லது. உண்ணி காணாது வளர்ந்த பசுவோ, முதிர்ந்தபின் முதன்முறை கடிபட்டால் தாங்காது. கொன்றது வெயிலுமன்று, கண்ணூறுமன்று.

நாய்க்கும் இவ்வினத்து நோய் உண்டு. 1910இல் சென்னை வேட்டைநாய்களின் குருதியிலும், பின்னர் நரியின் குருதியிலும் கண்டறியப்பட்ட ஒருவகை நமது நாட்டு நாய்களையும் பீடிக்கிறது. மனிதரும் முற்றாகத் தப்பினாரல்லர். 1957இல் யூகோசிலாவியாவில், மண்ணீரல் நீக்கப்பெற்ற உழவர் ஒருவர் இதனால் இறந்தார். ஐக்கிய அமெரிக்காவோ 1906இல் தொடங்கி, மாடுகளை மருந்து நீரில் முக்கி முக்கி, 1943அளவில் மெக்சிக்கோ எல்லையோரம் தவிர ஏனைய இடங்களில் அந்த உண்ணியை ஒழித்தது.

வீட்டிலே செய்யத்தக்கவை சில. புதுமாடு வாங்குமுன், அது உண்ணி உள்ள இடத்தில் வளர்ந்ததா எனக் கேட்டறிக. காதின் உட்புறம், மடி, வாலடி ஆகியவற்றை நாடோறும் தடவிப் பார்க்க. பிடுங்கிய உண்ணியை முற்றத்தில் எறியாது அழித்துவிடுக. எறிந்த ஒன்று ஆயிரமாய்த் திரும்பும். அதனை வெறுங்கையால் நசுக்கற்க. புகையிலைத் தோட்டத்து நஞ்சினை மாட்டின்மீது பூசற்க. சிறுநீர் சிவந்தாலோ, நாயின் முரசு வெளிறினாலோ அன்றைக்கே மிருக வைத்தியரை நாடுக. உரிய மருந்து உண்டு. தாமதமே பெரும் பகை.

அவ்வீட்டில் இப்போது வேறொரு பசு நிற்கிறது. அத்தாயார் பால் கறக்க அமருமுன் அதன் காதைப் பிடித்து உள்ளே பார்க்கத் தவறுவதில்லை. நானும், விடை தெரியாத வினாவை மாணவர் கேட்டால், "தெரியாது, தெரிந்தவரிடம் இன்றே போ" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.